முதலில் அந்தப் பிள்ளைகளின் பட்டியலைக் கேளுங்கள்

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழு உறுப்பினர்களே,

தலைமையாசிரியர்களுக்கு எழுத வேண்டியதை நமக்கு ஏன் எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கைகள் நிறையப் போகின்றன. உங்களுக்குத்தான் யாரும் எழுதுவதில்லை. கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள், தீர்மானத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பள்ளியில் படிக்கிற, படிக்க வேண்டிய மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சட்டம் காவலாக நிறுத்தியிருப்பது உங்களைத்தான். இது உங்களில் பலருக்குச் சொல்லப்படவே இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தான். அதே பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினராக இருந்தேன். அதனால் மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்குத் தெரியும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2012-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் பிள்ளைகளையும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்தது. அடுத்து, அந்தச் சட்டத்தின் விதிகள் குழுவின் வேலைகளை வரிசைப்படுத்தும்போது ஒன்றைத் தனியாகவே சொல்கின்றன: மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கண்டறிவது, பள்ளியில் சேர்ப்பது, அவர்களுக்கு வேண்டிய வசதிகள் கிடைக்கச் செய்வது, படிப்பை முடிக்கும்வரை அவர்கள் பள்ளியில் இருக்கிறார்களா என்று கண்காணிப்பது. காலை உணவையும் கழிப்பறையையும் கண்காணிக்கிற அதே குழுவுக்குத்தான் இந்தப் பொறுப்பும். உங்கள் கடைசி ஐந்தாறு கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். இந்தப் பேச்சு எத்தனை தடவை வந்தது?

வந்திருந்தால், பெரும்பாலும் புகாராகத்தான் வந்திருக்கும். "அந்தப் பையன் வகுப்புல சத்தம் போடுறான், எங்க பிள்ளைங்க படிப்புக் கெட்டுப்போகுது." இதை நான் குழுவில் உட்கார்ந்து என் காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் கெட்டவர் இல்லை. தன் மகள் படித்து மேலே வரவேண்டும் என்று பாடுபடுகிற, கட்டட வேலைக்குப் போகிற ஒரு தாய். அவருடைய கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர் கேட்ட தீர்வு அந்தப் பையனை வெளியே அனுப்புவதாக இருந்தது. அந்த வகுப்புக்கு வர வேண்டிய சிறப்புப் பயிற்றுநர் ஏன் வாரக்கணக்கில் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை, தலைமையாசிரியரும் சொல்லவில்லை. பையன் சத்தம் போட்டது அவனுக்குத் தர வேண்டிய துணையை யாரும் தராததால். அதற்கான தண்டனையையும் அவனே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசினோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இதில் இருபத்தொன்று. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, ஹீமோஃபிலியா எல்லாமே இதற்குள் வருகின்றன. இந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவை ஒருமுறையாவது யாரையாவது உங்கள் கூட்டத்தில் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம்கூட இருக்காது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் அவர்கள் புழங்கும்படி இருக்க வேண்டும். அந்தந்தப் பிள்ளைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். அவர்கள் படிப்பில் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்கு வைக்க வேண்டும். போக்குவரத்து வசதி தர வேண்டும், அதிகத் துணை வேண்டிய பிள்ளைக்கு உடன் வருபவருக்கும் சேர்த்து. 'முடிந்தால்' என்ற சொல் ஒவ்வொரு வரியிலும் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நாம் நடக்கிறோம். அப்படி எழுதியிருக்கவில்லை.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டுச் சிறுமியின் பெயர் ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்ததும் அவளுக்கும் விலையில்லாச் சீருடை, பாடநூல், புத்தகப்பை எல்லாம் போய்ச் சேர்ந்தன. நான் போனபோது அவளுடைய அம்மா பீரோவைத் திறந்து காட்டினார். மூன்று வருடச் சீருடைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பையில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதே வகுப்பில் படித்த பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன். அவள் தன் வகுப்பு என்பதே அவனுக்குத் தெரியாது.

அவளை 'வீட்டுவழிக் கல்வி'யில் வைத்திருந்தார்கள். சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவார் என்பது ஏற்பாடு. வந்தார், வரும்போதெல்லாம் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். ஆனால் பல பள்ளிகளையும் பல வீடுகளையும் ஒரே ஆள் சுமக்கும்போது வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. இதை நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "சார்தான் சொன்னாங்க, பாப்பாவுக்கு வீட்டுலயே வசதின்னு. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் சட்டத்தைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான அல்லது பலவகைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்து படிக்கும் வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்கிறது. தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் உரியது. பள்ளிக்கு அதில் இடம் இல்லை. தூக்கிக்கொண்டு வர முடியாத நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காகத் திறந்த வாசல் அது. அதைப் பள்ளி தன் சுமையைக் கழற்றி வைக்கும் வாசலாக்கிவிட்டது. பதிவேட்டில் பெயர் இருப்பதால் இடைநிற்றல் கணக்கில் அந்தப் பிள்ளை வராது. புள்ளிவிவரத்தில் அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். பீரோவில் சீருடை மடித்தபடியே இருக்கிறது. ஒரு குழு என்கிற முறையில் நீங்கள் அந்த வீட்டுக்குப் போய், "உனக்கு என்னம்மா வேணும், பாப்பா பள்ளிக்கூடம் வர என்ன செஞ்சா முடியும்?" என்று கேட்டிருந்தால், அந்த அம்மாவின் பதில் வேறாக இருந்திருக்கும். ஆட்டோவுக்குக் காசும், நடுவில் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போக ஒரு ஆளும் இருந்தால் அனுப்பத் தயார் என்றுதான் என்னிடம் சொன்னார்.

அடுத்தது கட்டடம். சாய்வுதளம் இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். 'உள்ளது' என்று எழுதிவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். சக்கர நாற்காலியில் பிள்ளை தானாகவே ஏறி இறங்க, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். உங்கள் வகுப்பறை வாசலில் மூன்று படி, படிக்கு அரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடி நீளத்துக்குச் சரிவு வந்தாக வேண்டும். நான் பார்த்த சாய்வுதளங்களில் பல ஆறேழு அடியிலேயே முடிந்துவிட்டன. அதில் பிள்ளையை வைத்துத் தள்ளினால் தள்ளுகிற ஆளுக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது நாற்காலி கையை விட்டு ஓடும். ஓரத்தில் கைப்பிடி கிடையாது. மேலே ஏறியதும் கதவு நிலையில் இரண்டு அங்குல மேடு. அதைத் தாண்டினால் கழிப்பறை, அதன் கதவு சக்கர நாற்காலி நுழையாத அகலம். கழிப்பறைக்குப் போக முடியாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து செம்பு செம்பாகக் குடிக்கிற பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, நான் அறிவேன்.

தடையில்லாமல் புழங்கும் வசதி வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 2016 சட்டம் ஐந்து ஆண்டு அவகாசம் தந்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அவகாசம் 2022 ஜூனோடு முடிந்துபோனது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது உங்கள் வேலை. சுற்றுச்சுவருக்கும் வண்ணப்பூச்சுக்கும் எழுதுகிற அந்தத் திட்டத்தில் பதினெட்டு அடிச் சாய்வுதளத்தையும் அகலக் கதவுள்ள ஒரு கழிப்பறையையும் முதல் வரியில் எழுதுங்கள்.

விளையாட்டு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் எல்லாரும் மைதானத்துக்கு ஓடுவார்கள். காலில் பிரேஸ் போட்ட பிள்ளையிடம், "நீ இங்கயே இரு, பையெல்லாம் பாத்துக்க" என்பார்கள். என் மகன் வருடக்கணக்கில் பைகளுக்குக் காவல் இருந்தான். சொன்ன ஆசிரியருக்கு அவன் மேல் பாசம் உண்டு, அவன் விழுந்துவிடக் கூடாது என்ற பயமும் உண்டு. ஆனால் 16-ஆம் பிரிவு படிப்போடு சேர்த்து விளையாட்டையும் பொழுதுபோக்கையும் சமமாகத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பந்தை எறிந்து பிடிக்கும் ஓர் ஆட்டத்தை உட்கார்ந்தபடியே எல்லாரும் ஆடலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சுற்றுலாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் இதேதான். மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று மேடையேற்றி பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

பேச்சையும் கவனியுங்கள். 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு மேடைப் பேச்சாளர், பிறவிக் குறைபாட்டை முற்பிறவிப் பாவத்தோடு சேர்த்துப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கேயே எழுந்து நின்று அதை எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். மாற்றுத்திறனாளிகள் தந்த புகாரில் அந்தப் பேச்சாளர் கைதானார். அவர் மேல் போடப்பட்ட பிரிவுகளில் 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவும் ஒன்று. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது அந்தப் பிரிவு. மேடையில் பேசியதால் அது வெளியே தெரிந்தது. வகுப்பறையில் 'நொண்டி', 'செவிடன்', 'லூசு' என்று பட்டப்பெயர் வைத்து அழைப்பதும், "உங்க அம்மா அப்பா செஞ்ச பாவம்" என்று ஆயா முதல் அயலார்வரை சொல்வதும் யார் காதுக்கும் எட்டுவதில்லை. பிள்ளைகள் வீட்டுக்கு வந்தும் சொல்வதில்லை. நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ள பிள்ளைகள் இன்னும் மோசமாக அடிபடுகிறார்கள். நன்றாகப் பேசுவான், கேள்வி கேட்டால் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிப்போகும். அவனுக்கு 'சோம்பேறி' என்று பெயர். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும் என்று சட்டம் பள்ளிக்குத்தான் கடமை வைத்திருக்கிறது. நடப்பது என்ன? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் நேரத்தில்தான் சான்றிதழ் எங்கே என்று தேடுகிறார்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று தேர்வுத்துறை தரும் சலுகைகள் இருக்கின்றன. அவற்றை வாங்க மருத்துவச் சான்று வேண்டும், விண்ணப்பம் வேண்டும், அதற்கு நாள் வேண்டும். ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே தொடங்கினால் பதற்றமில்லாமல் முடியும். 'சலுகை' என்று வழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் அது உரிமை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், கையால் எழுத முடியாத ஒருவருக்கு 40 சதவீதக் குறைபாடு இல்லாவிட்டாலும் எழுதுபவரைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சதவீதம் குறைவு என்று சொல்லி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்கள் தரப்பையும் நான் அறியாமல் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று ஓடுகிற பள்ளிகள் இருக்கின்றன. சிறப்புப் பயிற்றுநர்கள் வருடக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடக்கநிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பணமும் ஒரு சிக்கல்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2024-25 ஆண்டுப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான பயிற்றுநர், உபகரணம், பயணப்படி எல்லாம் அந்தத் திட்டத்தில்தான் வருகின்றன. அரசுகளின் சண்டையில் முதலில் நின்றுபோவது நம் பிள்ளைகளுக்கான ஆட்டோ. இது எனக்கு ஆறாத கோபம். ஆனாலும் உங்கள் பள்ளி வாசலில் உள்ள இரண்டு அங்குல மேட்டை உடைத்துச் சமப்படுத்த டெல்லியிலிருந்து பணம் வர வேண்டியதில்லை. பைகளுக்குக் காவல் வைப்பதை நிறுத்தவும் வேண்டியதில்லை.

"சிறப்புப் பள்ளி இருக்கே, அங்க சேர்த்தா நல்லா பாத்துப்பாங்களே?" என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உங்களில் உண்டு. சில பிள்ளைகளுக்கு அது சரியாகவும் இருக்கலாம். சைகை மொழி தெரிந்த ஆசிரியரும், சைகையில் பேசும் நண்பர்களும் இருக்கிற பள்ளியில் காது கேளாத பிள்ளை மலர்வதை நானே பார்த்திருக்கிறேன். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு. விருப்பம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால், முதலில் பக்கத்துப் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும். இங்கே இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு அதற்குத் தேர்வு என்று பெயர் வைக்க முடியாது.

இப்போது என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில், வேறெந்தப் பொருளை எடுப்பதற்கும் முன்னால், உங்கள் பள்ளியில் பெயர் பதிந்த மாற்றுத்திறன் பிள்ளைகளின் பட்டியலைக் கேளுங்கள். வீட்டுவழிக் கல்வியில் இருப்பவர்களும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் அம்மாவையோ அப்பாவையோ அழைத்து உட்கார வையுங்கள். குழுவில் அவர்களுக்கு இடம் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் கடந்த மாதம் எத்தனை நாள் வந்தது, வராவிட்டால் ஏன், பயிற்றுநர் எத்தனை நாள் வந்தார், அடையாள அட்டை இருக்கிறதா, என்ன உபகரணம் கேட்டோம், எது வந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். சொன்னதைத் தீர்மானமாக எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுச் செயலியில் ஏற்றுங்கள். அடுத்த மாதம் அதே தாளை எடுத்து, நடந்ததா என்று பாருங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதில் வராது, எழுத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

பதில் வராவிட்டால் வட்டார வள மையத்துக்கு எழுதுங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுதுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அதிகாரிகளை நேரில் அழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்குச் சட்டப்படி உண்டு. வழக்கறிஞர் வைக்காமலே அவரிடம் முறையிடலாம். தனியாக ஒரு தாய் எழுதினால், "உன் பிள்ளைக்கு நாங்க இவ்வளவு செஞ்சும் புகார் எழுதுறியா?" என்று பள்ளியில் முகம் கோணுவார்கள் என்று அவள் பயப்படுவாள். அந்தப் பயத்தால்தான் நானும் பல கடிதங்களைப் பாதியில் கிழித்துப் போட்டேன். குழுவின் பெயரில், இருபது பேர் கையெழுத்தோடு போனால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை.

உங்கள் பிள்ளை ஓடியாடி நடக்கலாம், முதல் மதிப்பெண் வாங்கலாம். அதற்காக இது உங்கள் வேலை இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குச் சட்டம் கொடுத்த வேலை இது. அடுத்த கூட்டத்திலேயே தொடங்குங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒரே ஒரு வீட்டுக்காவது, கூட்டம் முடிந்த அன்று சாயங்காலமே, இரண்டு பேராகப் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போல் குழுவில் இருந்த ஒரு தாய்